ஒரு ஜோடி பழைய லாடங்கள்

ஹிஜ்ரி 1227, ஷஃபான் மாதம். ஆங்கிலக் கணக்கில் 1812 ஆகஸ்ட் 22. இன்றைய ஜோர்டான் நாட்டின் தென்பகுதியில் வாதி மூஸா என்னும் பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் தலைப்பில் அமைந்த எல்ஜி என்ற சிற்றூரிலிருந்து இருவர் மேற்கு நோக்கி இறங்கி நடக்கத் தொடங்கினர். முன்னால் சென்றவர் அவ்வூரார். ஓர் ஆட்டைச் சுமந்துகொண்டு நடந்தார். பின்னால் வந்தவர் நீண்ட தாடியும் எளிய அரபு உடையும் கொண்ட வழிப்போக்கர். தம்மை ஷைக் இப்ராஹீம் இப்னு அப்துல்லாஹ் என்று சொல்லிக்கொண்டவர். அவர் தோளில் தண்ணீர் நிறைந்த தோல் துருத்தி தொங்கியது. கீழே பள்ளத்தாக்கில் தண்ணீர் கிடையாது என்பதை அறிந்திருந்த ஊரார், ஆட்டைத் தாம் எடுத்துக்கொண்டு, துருத்தியைச் சுமக்கும் பொறுப்பை விருந்தாளியிடம் விட்டிருந்தார். அன்றைய வேலைக்கு அவர் பெற்ற கூலி, ஒரு ஜோடி பழைய குதிரை லாடங்கள்.

செல்லும் இடம் ஜபல் ஹாரூன். அம்மலையின் உச்சியில் நபி ஹாரூன் (அலை) அவர்களின் அடக்கத்தலம் என்று நெடுங்காலமாக மக்கள் நம்பிவரும் இடம் உண்டு. அங்கே ஓர் ஆட்டை அறுப்பதாக நேர்ந்துகொண்டிருப்பதாகவும், அதை நிறைவேற்றவே வந்திருப்பதாகவும் ஷைக் இப்ராஹீம் கூறியிருந்தார். நபி ஒருவரின் பெயரால் செய்த நேர்ச்சை என்றதும் எவரும் மறுத்துப் பேசவில்லை. ஏற்கெனவே அவருடன் பயணம் செய்துவந்த மற்றொரு வழிகாட்டிக்கும் இந்தச் சுற்றுவழியில் விருப்பமில்லைதான். ஆனால், தடுத்தால் ஹாரூன் (அலை) அவர்களின் வருத்தத்துக்கு ஆளாக நேருமோ என்ற அச்சம் அவர் வாயை அடைத்துவிட்டது.

இன்று உலகச் சுற்றுலா நூல்கள் அனைத்திலும் இந்நாள், ‘பெட்ரா நகரம் கண்டுபிடிக்கப்பட்ட நாள்’ என்று பதிவாகியிருக்கிறது. ஷைக் இப்ராஹீமின் இயற்பெயர் யோஹான் லுட்விக் புர்க்ஹார்ட். சுவிட்சர்லாந்துக்காரர். 1784இல் லோசான் நகரில் பிறந்தவர். ஜெர்மனியில் பயின்று, வேலை தேடி இங்கிலாந்து சென்றவரை, லண்டனில் 1788இல் தொடங்கப்பட்ட ஆப்பிரிக்கச் சங்கம் பணியில் அமர்த்தியது. ஆப்பிரிக்காவின் உள்நாட்டில் நைஜர் ஆற்றின் போக்கையும் திம்புக்து நகரையும் கண்டறிந்து எழுத வேண்டும் என்பதே அவருக்கு இடப்பட்ட பணி. ஐரோப்பியனாகச் சென்றால் உயிருடன் திரும்ப முடியாது; முஸ்லிம் வணிகனாக, ஹஜ் முடித்துத் திரும்பும் ஆப்பிரிக்க யாத்திரிகர்களின் ஒட்டகக் கூட்டத்தோடு செல்ல வேண்டும் என்பது திட்டம். அதற்காகவே கேம்பிரிட்ஜில் அரபு மொழியைத் தொடங்கி, பின் சிரியாவின் அலெப்போ நகரில் இரண்டாண்டுகளுக்கும் மேலாகத் தங்கி, மொழியையும் குர்ஆனையும் ஃபிக்ஹு நூல்களையும் ஊன்றிப் படித்தார்.

நம் வாசகர்களுக்குச் சுவையான செய்தி ஒன்றை இவ்விடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1809இல் மால்டாவிலிருந்து சிரியாவுக்குக் கப்பலேறியபோது அவர் பூண்ட முதல் வேடம், இந்திய முஸ்லிம் வணிகர் என்பதாகும்! அரபு மொழியில் அவருக்கு இருந்த தடுமாற்றத்துக்கும் அயல் சாயலுக்கும் அது பொருத்தமான விளக்கமாக இருந்தது. உடன் பயணித்தோர் ஐயுற்று, “உங்கள் நாட்டு மொழியில் ஏதேனும் பேசிக் காட்டுங்கள்” என்று கேட்டபோதெல்லாம், தம் ஊரின் கொச்சையான சுவிஸ் ஜெர்மன் மொழியைத் தொண்டையிலிருந்து உருட்டிப் பேசிக் காட்டினார். கேட்டவர்கள் அதையே ஹிந்துஸ்தானி என்று நம்பினர். நம்மவர் ஒருவர் அந்தக் கப்பலில் இருந்திருந்தால் வரலாறு வேறு வழியில் போயிருக்கும்.

1812 ஜூன் மாதம் டமாஸ்கஸிலிருந்து கெய்ரோவுக்குப் புறப்பட்டார். கடற்கரையோரப் பழைய பாதையை விடுத்து, சாக்கடலுக்குக் கிழக்கே கரக், ஷவ்பக் ஆகிய ஊர்களின் வழியாக இறங்கினார். வாதி மூஸாவில் பெரும் பழங்காலச் சின்னங்கள் இருப்பதாக வழியெங்கும் மக்கள் வியந்து பேசக் கேட்டார். ‘பார்க்க வேண்டும்’ என்று வெளிப்படையாகச் சொன்னால், புதையல் தேடும் மந்திரவாதி என்ற பழி வரும். அந்த வழியில் தடையின்றி நடக்க ஒரு காரணம் வேண்டும். ஜபல் ஹாரூன் பள்ளத்தாக்கின் மறுமுனையில் இருப்பதையும், அங்கே போக வேண்டுமானால் சின்னங்களின் நடுவே நடந்துதான் ஆக வேண்டும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். நேர்ச்சை அப்படிப் பிறந்ததுதான்.

‘கண்டுபிடித்தார்’ என்ற சொல்லை இங்கே சற்று நிறுத்திப் பார்ப்போம். அந்தப் பள்ளத்தாக்கு எந்தக் காலத்திலும் மனித நினைவிலிருந்து மறைந்ததில்லை. ஜபல் ஹாரூனின் மேட்டில் கிறித்தவத் துறவிகளின் மடம் ஒன்று இஸ்லாத்துக்கு முந்திய நாள்களிலிருந்தே இருந்தது. 1990களின் இறுதியிலிருந்து பின்லாந்து ஆய்வாளர்கள் அதன் அடித்தளங்களை அகழ்ந்து வெளிக்கொணர்ந்தனர். 10ஆம் நூற்றாண்டின் அறிஞர் அல்மஸ்ஊதி அம்மலையைக் கிறித்தவர்களின் புனித மலைகளுள் ஒன்றாகக் குறித்துள்ளார். 1100ஆம் ஆண்டில் சிலுவைப் படையினர் இப்பக்கம் வந்து போயினர். 1217இல் ஐரோப்பிய யாத்திரிகர் ஒருவர் மலையில் இரண்டு கிரேக்கத் துறவிகளைச் சந்தித்திருக்கிறார். 1276இல் எகிப்தின் மம்லூக் சுல்தான் பைபர்ஸ், கரக் நோக்கிச் செல்லும் வழியில் இந்தப் பாறைக் குடைவுகளின் இடையே கடந்து சென்றதை அரபு வரலாற்றாசிரியர் நுவைரி எழுதி வைத்திருக்கிறார். இன்று மலையுச்சியில் வெண்மையாகத் தெரியும் குவிமாடக் கட்டடம் 14ஆம் நூற்றாண்டு மம்லூக் காலத்தது. எல்ஜி மக்களோ நாள்தோறும் தம் ஆடுகளை அந்தப் பள்ளத்தாக்கில்தான் மேய்த்து வந்தனர். ஐரோப்பாவின் நூலகங்கள் மறந்துபோன ஒன்றை ஐரோப்பாவுக்கு நினைவூட்டியவர் புர்க்ஹார்ட். இதுவும் சிறிய செயலன்று; ஆனால் அதன் சரியான பெயர் அதுதான்.

இனி அவர்களோடு நடப்போம்.

ஊரைத் தாண்டியதும் ஓடைப் படுகை விரிந்து, பின் சுருங்குகிறது. இருபுறமும் மணற்பாறைகள், அவற்றில் குடைந்த முதல் கல்லறைகள் கண்ணில் படுகின்றன. சற்றுத் தொலைவு சென்றதும் பாதை முடிந்துவிட்டது போலத் தோன்றும் இடத்தில் பாறை பிளந்து வழிவிடுகிறது. அதுவே ‘ஸீக்’ எனப்படும் மலையிடுக்கு. நீளம் சுமார் 1.2 கிலோமீட்டர். குறுகிய இடத்தில் அகலம் 3 மீட்டர் அளவே. சுவர்களோ சில இடங்களில் 80 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கின்றன. ஆகஸ்ட் மாத வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தவர் மீது நிழல் விழுகிறது. மேலே வானம் ஒரு நாடாவாகச் சுருங்குகிறது. நுழைவாயிலின் உச்சியில் அன்று ஒரு வளைவு இருந்தது. பின்னாளில் அது இடிந்து விழுந்துவிட்டது. மனிதர் ஏற முடியாத அந்த உயரத்தில் வளைவு கட்டியது யார் என்ற கேள்விக்கு அவ்வூரார் சொன்ன விடை, ‘ஜின்கள்’.

கட்டியவர்கள் ஜின்கள் அல்லர். நபத்தியர் என்னும் அரபு மக்கள். தென் அரேபியாவின் சாம்பிராணியையும், கடல் கடந்து வந்த நறுமணப் பொருள்களையும் ஒட்டகங்களில் ஏற்றி மத்தியதரைக் கடல் வரை கொண்டுசென்ற வணிகர்கள். கி.பி. 106இல் ரோமானியர் இவர்களின் அரசைத் தம் பேரரசோடு இணைத்துக்கொண்டனர். இவர்களின் எழுத்து வடிவமே காலப்போக்கில் வளைந்து, இணைந்து, இன்று நாம் குர்ஆனில் காணும் அரபு எழுத்தாக வளர்ந்தது என்பது எழுத்தியல் ஆய்வாளர் பெரும்பாலோரின் முடிவு. நம் பாட்டிமார் மடியில் வைத்து ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகளின் எழுத்துக்கும் இந்தப் பாறைகளில் ஒரு வேர் உண்டு என்று எண்ணும்போது, அந்தப் பள்ளத்தாக்கு அவ்வளவு அயலானதாகத் தோன்றவில்லை.

நபத்தியரின் உண்மையான திறமை முகப்புச் சிற்பங்களைவிடத் தண்ணீரில்தான் வெளிப்பட்டது என்பேன். ஆண்டில் சில நாள்களே மழை பெய்யும் நிலம். பெய்தால் சுற்றியுள்ள மலைகளின் நீர் முழுவதும் ஸீக்குக்குள் பாய்ந்து, எதிர்ப்பட்டதை எல்லாம் அடித்துச் சென்றுவிடும். அவர்கள் நுழைவாயிலில் தடுப்பணை கட்டி, வெள்ளத்தைப் பக்கவாட்டுப் பாறையில் குடைந்த சுரங்கவழிக்குத் திருப்பினர். குடிநீரை ஸீக்கின் சுவரோரம் வெட்டிய வாய்க்காலிலும் சுடுமண் குழாய்களிலும் நகருக்குக் கொண்டுசென்றனர். குன்றுகளில் தொட்டிகளைக் குடைந்து மழைநீரைச் சேமித்தனர். அந்த ஏற்பாடு சிதைந்த பின், புர்க்ஹார்டின் காலத்தில், அதே நகரின் வழியே நடக்கத் தோளில் துருத்தி தேவைப்பட்டது. 1963இல் திடீர் வெள்ளம் ஸீக்குக்குள் புகுந்து, 20க்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகளைப் பலி கொண்டது. அதற்குப் பிறகுதான் பழைய தடுப்பணை நின்ற இடத்திலேயே புதியது கட்டப்பட்டது.

ஏறத்தாழ 25 நிமிட நடைக்குப் பின், இருளின் முடிவில் ஒரு கீற்றாக இளஞ்சிவப்பு வெளிச்சம். ஓரடி முன்னால் வைக்க வைக்க அந்தக் கீற்று விரிந்து, தூண்களும் மாடங்களும் உருவங்களுமாக, ஒரே பாறையில் செதுக்கிய மாளிகை முகப்பாகிறது. சுமார் 40 மீட்டர் உயரம். ‘கஸ்னா’, அதாவது கருவூலம் என்று அரபு மக்கள் அழைக்கும் இடம் இது. ஃபிர்அவ்ன் தன் செல்வத்தை உச்சியிலுள்ள கல் கலசத்தில் ஒளித்து வைத்திருக்கிறான் என்பது அவர்களின் நம்பிக்கை. அதை உடைத்து வீழ்த்தும் ஆசையில் தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கியால் சுட்டனர். குண்டுத் தழும்புகள் இன்றும் தெரிகின்றன. கலசமோ உள்ளீடற்றதன்று, முழுப் பாறை. ஃபிர்அவ்னுக்கும் இந்த ஊருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. 2024இல் கஸ்னாவின் முன்தரைக்கு அடியில் ஆய்வாளர்கள் அகழ்ந்தபோது 12 பேரின் எலும்புகளோடு ஒரு கல்லறை வெளிப்பட்டது.

இவ்விடத்தில் நம்மிடையே நிலவும் ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வது நல்லது. ஜோர்டான், பைத்துல் முகத்தஸ் ஸியாரத் குழுக்களில் சென்று திரும்புவோரில் சிலர், பெட்ராவின் படங்களைக் காட்டி, ‘ஸமூது கூட்டத்தார் மலையைக் குடைந்து கட்டிய வீடுகள் இவை’ என்று கூறுவதுண்டு. நபி ஸாலிஹ் (அலை) அனுப்பப்பட்ட மக்களின் ஊராக முஸ்லிம்கள் அறிந்திருக்கும் அல்ஹிஜ்ர், பெட்ராவிலிருந்து தெற்கே சுமார் 500 கிலோமீட்டர் தொலைவில், இன்றைய சவூதி அரேபியாவின் அல்உலா அருகே உள்ளது. குர்ஆனின் 15ஆம் அத்தியாயம் அவ்வூரின் பெயரையே தாங்கியிருக்கிறது. குழப்பத்துக்குக் காரணமும் எளிது. அல்ஹிஜ்ரில் இன்று நிற்கும் முகப்புகளும் பெட்ராவின் முகப்புகளும் ஒரே கைவண்ணம், இரண்டும் நபத்தியருடையவை. அல்ஹிஜ்ர் கல்லறைகளின் கல்வெட்டுகள் பெரும்பாலும் கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஸமூது என்ற பெயரோ அதற்கு ஏழெட்டு நூற்றாண்டுகள் முந்திய அசீரிய மன்னன் இரண்டாம் சர்கோனின் கல்வெட்டிலேயே இடம்பெற்றுவிட்டது. ஒரு மக்கள் போன பின், அதே பாறைகளுக்கு இன்னொரு மக்கள் வந்து குடியேறினர். தபூக் பயணத்தின்போது நபி (ஸல்) அவர்கள் அல்ஹிஜ்ரைக் கடக்கையில், அநீதியிழைத்தோர் வாழ்ந்த இடத்தில் அழுதவர்களாகவே அன்றி நுழைய வேண்டாமென்று தோழர்களை எச்சரித்து, விரைந்து கடந்ததை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. அந்த எச்சரிக்கை அல்ஹிஜ்ர் பற்றியது.

கஸ்னாவைக் கடந்தால் மலையிடுக்கு அகன்று, பாறையிலேயே குடைந்த அரைவட்ட அரங்கம். அதன் படிகளில் 3,000 பேர் அமரலாம் என்று புர்க்ஹார்ட் கணக்கிட்டார். அதன்பின் பள்ளத்தாக்கு முழுதாகத் திறந்து, எத்திசையிலும் பாறை முகங்களில் வாயில்கள், வாயில்கள், வாயில்கள். அவர் எண்ணிக்கைப்படி 250க்கும் மேல். நடுவே சரிந்து கிடக்கும் தூண்களும் ஓட்டுத் துண்டுகளும். அவர் கண்களால் அளந்தபடியே நடந்தார். நின்று பார்க்கவும் முடியாது, எழுதவும் முடியாது. குறிப்பேடு உடைக்குள் மறைந்திருந்தது. சில கல்லறைகளுக்குள் நுழைந்து பார்த்து வெளியே வந்தபோது, கூட வந்தவர் வியப்போடு நோக்கினார், ஒன்றும் சொல்லவில்லை.

ஓடையின் மறுகோடியில் சுவர்களோடு நிமிர்ந்து நிற்கும் கட்டடம் ஒன்று உண்டு; ‘ஃபிர்அவ்ன் மகளின் மாளிகை’ என்பது மக்கள் வழக்கு. புர்க்ஹார்ட் ஒற்றையடிப் பாதையிலிருந்து விலகி அதை நோக்கித் திரும்பினார். அந்தக் கணத்தில்தான் வழிகாட்டியின் பொறுமை முறிந்தது. அவர் சொன்னதன் கருத்து இது: நீ இறைமறுப்பாளன் என்பது இப்போது எனக்குத் தெளிவாகிவிட்டது, உன் முன்னோரின் ஊரில் உனக்கு ஏதோ வேலை இருக்கிறது, ஆனால் இங்கே புதைந்து கிடக்கும் செல்வத்தில் ஒரு காசையும் எடுத்துப்போக விட மாட்டோம், இது எங்கள் மண், அது எங்களுக்கே உரியது.

வெறும் ஆவல்தான், ஹாரூனுக்கு நேர்ந்த ஆட்டை அறுப்பதைத் தவிர வேறு நோக்கமில்லை என்று ஷைக் இப்ராஹீம் பதில் சொன்னார். வழிகாட்டி எளிதில் நம்பிவிடவில்லை. இதற்கு மேல் கிளறினால், ஊர் திரும்பியதும் ‘இவன் புதையல் எடுத்துவிட்டான்’ என்ற பேச்சு எழும், உடையைச் சோதிப்பார்கள், குறிப்பேடு அகப்படும், மந்திர நூல் என்று பறித்துக்கொள்வார்கள். இதை எண்ணி அவர் பாதைக்குத் திரும்பினார். பழைய கட்டடங்களில் புதையல் இருக்கிறது என்ற மூடநம்பிக்கை இம்மக்களின் உள்ளத்தில் ஊறியிருப்பது ஐரோப்பியப் பயணிகளின் கெட்ட காலம் என்றும் அவர் எழுதி வைத்திருக்கிறார்.

அவருடைய பயணக் குறிப்பைப் படிக்கும்போது, இந்த இடத்தில் என் மனம் அந்த வழிகாட்டியின் பக்கமே சாய்கிறது. பொன் புதையல் பற்றிய அவர் நம்பிக்கை தவறுதான். ஆனால் மனிதரைப் பற்றிய அவர் கணிப்பில் என்ன தவறு? ‘இவர் சொல்லும் காரணம் உண்மையான காரணம் அன்று’ என்றார், அன்றுதான். ‘இங்கிருந்து எதையோ எடுத்துச் செல்ல வந்திருக்கிறார்’ என்றார், எடுத்துத்தான் சென்றார். அந்த ஊருக்குள் மறைவாக நுழைந்த குறிப்பேடு, ஊரின் பெயரையும் வழியையும் சுமந்துகொண்டு வெளியேறியது. இத்தனையும் உணர்ந்த பிறகும் அந்த மனிதர் அவரைப் பள்ளத்தாக்கின் நடுவே விட்டுவிட்டுப் போகவில்லை. தண்ணீரையும் பறித்துக்கொள்ளவில்லை. ஆட்டைச் சுமந்தபடி மலையை நோக்கித் தொடர்ந்து நடந்தார். தனித்து வந்த அந்நியர் ஒருவரை என்ன செய்திருந்தாலும் கேட்பார் இல்லாத இடம் அது. ஐயம் ஒருபுறம், வழிக்குத் துணையாவேன் என்று கொடுத்த வாக்கு மறுபுறம். வாக்கையே அவர் பெரிதாகக் கொண்டார். பழைய லாடங்களுக்கு விலையான வாக்கு!

ஜபல் ஹாரூனின் அடிவாரச் சமவெளியை அடைந்தபோது கதிரவன் மறைந்துவிட்டது. எல்ஜியிலிருந்து இதுவரை நடந்ததே 8 கிலோமீட்டருக்குக் குறையாது. 1,300 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுள்ள சிகரம் இன்னும் மேலே நின்றது. ஷைக் இப்ராஹீம் களைத்துப் போயிருந்தார். ஏறுவது இயலாது. அடக்கத்தலம் கண்ணுக்குத் தெரியும் ஓரிடத்தில், முன்பு வந்தவர்கள் தத்தம் பலியின் அடையாளமாகக் குவித்துச் சென்ற கற்குவியல்களின் நடுவே, ஆட்டை அறுத்தார். அறுக்கும்போது வழிகாட்டி உரத்த குரலில் ஹாரூன் (அலை) அவர்களை விளித்து, எங்களைப் பாருங்கள், ஆடு மெலிந்ததாயினும் எங்கள் எண்ணத்தை ஏற்றுக்கொள்ளுங்கள், எங்கள் வழியை எளிதாக்குங்கள் என்று வேண்டி, அகிலத்தாரின் இறைவனுக்குப் புகழ் கூறி முடித்தார். தரையில் சிந்திய குருதியைக் கற்களால் மூடினார்.

அல்லாஹ் அல்லாத எவருக்காகவும் அறுப்பதும், மறைந்துவிட்டவர்களை அழைத்து உதவி கேட்பதும் மார்க்கத்தில் இல்லாதவை என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஹாரூன் (அலை) அவர்கள் எங்கே அடக்கமானார்கள் என்று குர்ஆன் நமக்கு அறிவிக்கவும் இல்லை. ஆயினும் அன்று அந்தச் சமவெளியில் நின்ற இருவரில், தாம் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் உள்ளத்தால் நம்பிச் சொன்னவர் யார் என்பது எனக்கு ஐயமின்றித் தெரிகிறது. மெலிந்த ஆட்டுக்காக வெட்கப்பட்டவரும் அவர்தான். ஆட்டை வாங்கியவர் அல்லர்.

நல்ல இறைச்சியை அவசரமாகச் சுட்டு உண்டனர். நெருப்பின் வெளிச்சம் கொள்ளையரை அழைத்துவிடும் என்று வழிகாட்டி அஞ்சிக்கொண்டே இருந்தார். பிறகு எல்ஜிக்குத் திரும்பினர். வாதி மூஸாவின் சின்னங்கள் பழைய பெட்ராவுடையதாக இருக்கப் பெரிதும் வாய்ப்புண்டு என்ற ஒரு வரியை புர்க்ஹார்ட் குறிப்பேட்டில் சேர்த்தார். முடிவை அறிஞர்களுக்கு விட்டுவிட்டார். அந்த அடக்கம் அவருடைய நல்ல குணங்களுள் ஒன்று. செப்டம்பர் 4இல் கெய்ரோ சேர்ந்தார். பெட்ராவில் மொத்தம் கழித்தது அந்த ஒரு நாள் மட்டுமே. திரும்ப அவர் அங்கே போகவில்லை.

வழிகாட்டி அஞ்சியது நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். 1818இல் ஆங்கிலேயப் பயணிகளின் குழு ஒன்று ஆயுதத் துணையோடு வந்தது. வாதி மூஸா மக்கள் கடுமையாக எதிர்த்தனர். ஆயினும் அவர்கள் நுழைந்தார்கள். 1828இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து ஓவியங்களாகவே வரைந்து போயினர். அதன்பின் வரவு நிற்கவில்லை. 1985இல் யுனெஸ்கோ பெட்ராவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதே காலத்தில், குகைகளைத் தம் வீடாகக் கொண்டு வாழ்ந்துவந்த பதூல் குலத்தார், அருகே உம்மு ஸைஹூன் என்ற இடத்தில் கட்டப்பட்ட சிறு வீடுகளுக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். பள்ளிக்கூடம், மின்சாரம், மருத்துவம் கிடைத்தன; இல்லையென்று சொல்ல முடியாது. அவர்களில் பலர் இன்று அதே பள்ளத்தாக்கில் கழுதையும் ஒட்டகமும் ஓட்டியும், வழி காட்டியும் பிழைக்கின்றனர்.

ஷைக் இப்ராஹீமின் கதை இன்னும் சற்று நீள்கிறது. 1813இல் நூபியாவில் மணலில் புதைந்திருந்த அபூ ஸிம்பெல் சிலைகளைக் கண்டார். 1814இல் ஜித்தாவில் இறங்கி, தாயிஃப் நகரில் எகிப்தின் ஆளுநர் முஹம்மது அலீ பாஷாவைச் சந்தித்தார். இவர் உண்மையில் முஸ்லிம்தானா என்று ஐயுற்ற பாஷா, தாடி மட்டும் முஸ்லிமுக்கு அடையாளமாகிவிடாது என்று நகைத்தாராம். மார்க்க அறிஞர்கள் இருவர் குர்ஆனிலும் மார்க்கச் சட்டங்களிலும் அவரைச் சோதித்து, முஸ்லிம்தான் என்று முடிவு கூறினர். அவ்வாண்டு ஹஜ்ஜு செய்தார். மதீனா சென்று, அங்கே நோயுற்று மாதக்கணக்கில் படுத்திருந்தார். மக்காவில் பெற்ற மன அமைதியைத் தம் வாழ்வில் வேறெங்கும் பெற்றதில்லை என்று எழுதினார். அதே கை, லண்டன் சங்கத்துக்கு எழுதிய கடிதங்களில் தம் முஸ்லிம் தோற்றத்தை ஒரு வேடமாகவும் குறித்தது.

எது உண்மை? வேடமாகத் தொடங்கியது வேடமாகவே முடிந்ததா? போர்க்களத்தில் கலிமா மொழிந்தவரை உஸாமா (ரலி) கொன்றுவிட்டபோது, உள்ளத்தைப் பிளந்தா பார்த்தீர் என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் கேட்ட கேள்வி நம் அனைவருக்கும் தெரிந்ததே. புர்க்ஹார்டின் உள்ளத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. ஆனால் அன்று எல்ஜியில் சொன்ன நேர்ச்சைக் கதையைப் பொறுத்தவரை, அவரே எழுதிவிட்டார். அதில் நாம் ஊகிக்க ஒன்றுமில்லை.

எதற்காக இத்தனை ஆண்டுகள் தம்மைத் தயாரித்துக்கொண்டாரோ அந்த நைஜர் ஆற்றை அவர் காணவே இல்லை. மேற்கு நோக்கிச் செல்லும் ஒட்டகக் கூட்டத்துக்காகக் கெய்ரோவில் காத்திருக்கையில் வயிற்றுக்கடுப்பு கண்டு, 1817 அக்டோபர் 15இல் காலமானார். வயது 32. சாகும் தறுவாயில், உடலை முஸ்லிம்கள் கேட்பார்கள், கொடுத்துவிடுவதே நல்லது என்ற கருத்தில் ஆங்கிலேயத் தூதரிடம் சொல்லியிருந்தார். தாம் சேகரித்த அரபுச் சுவடிகள் சுமார் 350ஐ கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்தார். ஜனாஸா முஸ்லிம் முறைப்படியே நடந்தது. கெய்ரோவின் பாபுந் நஸ்ர் மையவாடியில் அவர் கப்ரு இன்றும் இருக்கிறது. தலைமாட்டுக் கல்லில் அரபு எழுத்தில் இப்ராஹீம் என்றே பெயர்.

அவர் பயணக் குறிப்புகள் அவர் மறைந்து ஐந்தாண்டுகள் கழித்து, 1822இல் லண்டனில் நூலாக வெளிவந்தன. ஆகஸ்ட் 22க்குரிய பக்கங்களில் ஆட்டின் மெலிவும் லாடங்களின் பழமையும்கூடக் குறிக்கப்பட்டுள்ளன. உடன் நடந்தவர் ‘என் வழிகாட்டி’ என்று மட்டுமே இருக்கிறார்.